லஞ்சத்தால் நிலமும் தண்ணீரும் இழந்த ஊருக்கு ஆர்பிட்ரேஷன் கை கொடுக்குமா? வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆற்காட்டின் இந்தப் பகுதி இன்றைக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டமாக இருக்கிறது. மூன்றிலும் சுற்றி, மனு எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. நான் வக்கீல் கிடையாது. ரோட்டுக்கு நிலம் போனவர்கள், தோல் கழிவால் கிணறு கெட்டவர்கள், பாதியில் நின்ற வேலையால் பாசனம் போனவர்கள் என்று வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். கோர்ட்டுக்குப் போனால் பேரன் காலத்தில்தான் தீர்ப்பு வரும், ஆர்பிட்ரேஷன் என்கிறார்களே, அது நமக்கு ஆகுமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆர்பிட்ரேஷன் என்றால் என்ன? ஊர்ப் பஞ்சாயத்து மாதிரியா?

பார்க்க அப்படித்தான் தெரியும். இரண்டு பேருக்குள் தகராறு வருகிறது. கோர்ட்டுக்குப் போகாமல் மூன்றாவது ஆளை நடுவராக வைத்து, அவர் சொல்வதற்குக் கட்டுப்படுகிறார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் சொன்னதை ஒருவர் மீறினால் சட்டம் துணைக்கு வராது. ஆர்பிட்ரேஷனில் நடுவர் எழுதும் தீர்ப்புக்கு, 1996ஆம் வருடச் சட்டப்படி, கோர்ட் டிகிரிக்கு (கோர்ட் போடும் தீர்ப்பாணைக்கு) உள்ள பலம் உண்டு. ஜப்தி வரைக்கும் போகலாம்.

ஆனால் இரண்டு தரப்பும் எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும். நம் ஊர்க்காரர்களின் சிக்கல் முழுக்க இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

நாங்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை. கமிஷன் கொடுத்து வேலையை எடுத்து, கால்வாயை அரைகுறையாக விட்டுப் போன கான்ட்ராக்டர் மீது நாங்கள் ஆர்பிட்ரேஷன் போக முடியுமா?

முடியாது. வருத்தமாக இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஒரு ஏரிக்கால்வாய் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் அரசுத் துறைக்கும் கான்ட்ராக்டருக்கும் நடுவில். அதில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தால் அந்த இரண்டு பேரும் அதைப் பயன்படுத்தலாம். பில் பாஸ் ஆகவில்லை என்று கான்ட்ராக்டர் போவார். வேலை சரியில்லை என்று துறை பதில் போடும். நடுவர் ஒரு தொகை சொல்லுவார், அவர்களுக்குள் கணக்கு முடிந்துவிடும். மடையில் மண் மூடி, கடைமடைக்குத் தண்ணீர் வராமல் ஒரு போகத்தை இழந்தவர் அந்த அறையிலேயே இல்லை. அவருக்கு நோட்டீஸ் கூட வராது.

இந்த மாதிரி நேரத்தில் நமக்கு இருக்கும் வழி வேறு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு எம்-புக் (வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) நகல் கேளுங்கள். எத்தனை மீட்டர் தோண்டியதாக எழுதிப் பணம் எடுத்தார்கள் என்பது அதில் இருக்கும். நீங்கள் டேப் பிடித்து அளந்தது வேறாக இருந்தால், அந்த வித்தியாசம்தான் உங்கள் சாட்சி. அதை வைத்து லஞ்ச ஒழிப்புத் துறைக்கும், 2018ஆம் வருடச் சட்டப்படி அமைந்த லோக் ஆயுக்தாவுக்கும் போகலாம். ஊர் முழுக்கப் பாதிப்பு என்றால் ஹைகோர்ட்டில் பொதுநல மனு போடலாம்.

அப்படியானால் ஆர்பிட்ரேஷன் எங்களுக்கு ஒன்றுக்கும் உதவாதா?

ஒரு இடத்தில் நேராக உதவும். தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும்போது.

ராணிப்பேட்டை மாவட்டத்தில் வாலாஜா, அரக்கோணம் வழியாகப் போகும் பெங்களூரு–சென்னை விரைவுச்சாலைக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். 1956ஆம் வருடத்து தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி நில எடுப்பு அலுவலர் இழப்பீட்டுத் தொகையை நிர்ணயிப்பார். அது போதாது என்று நினைத்தால், 3ஜி(5) பிரிவின்படி மத்திய அரசு நியமித்த நடுவரிடம் மனுப் போடலாம். பெரும்பாலும் மாவட்ட கலெக்டர்தான் நடுவராக இருப்பார். இங்கே ஒப்பந்தம், சம்மதம் எதுவும் வேண்டாம். சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

இதில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்குத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று போதும். ஹக்கீம் வழக்கு என்று சொல்லுவார்கள், 2021 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. நில எடுப்பு அலுவலர் அந்த விவசாயிகளுக்கு வழிகாட்டி மதிப்பை வைத்துச் சதுர மீட்டருக்கு 46 ரூபாய் 55 காசிலிருந்து 83 ரூபாய் 15 காசு வரைக்கும்தான் போட்டார். நடுவராக இருந்த கலெக்டரும் அதை ஒட்டியே சொன்னார். அவர்கள் விடவில்லை. மாவட்ட கோர்ட்டுக்குப் போனார்கள். அங்கே சதுர மீட்டருக்கு 645 ரூபாய் ஆனது. நெடுஞ்சாலை ஆணையம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், நடுவர் தீர்ப்பை ரத்து செய்யத்தான் மாவட்ட கோர்ட்டுக்கு அதிகாரம், தொகையை மாற்ற அதிகாரம் இல்லை என்று வாதாடியது. சட்டப்படி அது சரி என்று சுப்ரீம் கோர்ட் ஒத்துக்கொண்டது. ஆனாலும் அந்த விவசாயிகள் கைக்கு வந்த தொகையில் கை வைக்க மறுத்துவிட்டது. பிறகு 2025 ஏப்ரல் 30 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, சில வரம்புகளுக்குள் நடுவர் தீர்ப்பைக் கோர்ட் திருத்தலாம் என்று பெரும்பான்மையாகச் சொல்லியிருக்கிறது.

சதுர மீட்டருக்கு 46 ரூபாய். ஒரு பெரிய டீக்கடையில் நாலு பேர் டீ குடித்தால் ஆகும் காசு. தலைமுறையாக உழுத நிலத்துக்கு அப்படி ஒரு விலை எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்த முடிந்தது. கேட்க ஆள் வந்ததால்தான் அது மாறியது.

கலெக்டரும் அரசாங்கம், நிலத்தை எடுப்பதும் அரசாங்கம். அவரே நடுவராக உட்கார்ந்தால் நியாயம் கிடைக்குமா?

நியாயமான சந்தேகம். எனக்கும் இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. நூறு வேலைக்கு நடுவில் கலெக்டர் இதையும் பார்க்கிறார், வாய்தா தள்ளிக்கொண்டே போகும், ஒரே ஊரில் இருபது பேருக்கு ஒரே மாதிரி அச்சடித்த உத்தரவு வரும்.

ஆனாலும் அங்கே போகாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. அதனால் கலெக்டர் முன்னால் வைக்கும் மனுவை மாவட்ட நீதிபதி படிக்கப் போகிற மனுவாக நினைத்து எழுதுங்கள். நடுவர் முன்னால் வைக்காத சாட்சியத்தைக் கோர்ட்டில் புதிதாக வைப்பது மிகவும் கஷ்டம். நடுவர் தீர்ப்பு கைக்கு வந்ததும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 34ஆம் பிரிவில் கோர்ட்டுக்குப் போக மூன்று மாதம்தான். தக்க காரணம் இருந்தால் இன்னும் 30 நாள் கிடைக்கும். அதற்கு மேல் ஒரு நாள் கூடக் கிடையாது. இந்த ஒரு தேதியைத் தவறவிட்டு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

கொடுக்கிற பணத்தை வாங்கிவிட்டால் ஆர்பிட்ரேஷன் போக முடியாதாமே?

போகலாம். “ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். நடுவர் கூடுதல் தொகை சொன்னால் அந்தக் கூடுதலுக்கு வருடத்துக்கு 9 சதவீதம் வட்டியும் சட்டத்தில் உண்டு. ஆனால் ரோடு வரவே கூடாது என்ற பேச்சை இங்கே பேச முடியாது. தொகை மட்டும்தான்.

என்னென்ன காகிதம் வேண்டும்?

பட்டா, சிட்டா, அடங்கல், எஃப்எம்பி படம் (நில அளவைப் படம்), வில்லங்கச் சான்று, 3ஜி உத்தரவின் (இழப்பீட்டை நிர்ணயித்த உத்தரவின்) நகல். அப்புறம், நோட்டிபிகேஷனுக்கு முந்தின மூன்று வருடத்தில் பக்கத்து நிலங்கள் என்ன விலைக்குப் பதிவானது என்பதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுத்த பத்திர நகல்கள். வழக்கைத் தூக்கி நிறுத்துவது இந்தக் கடைசிக் காகிதம்தான். பலர் இதைத்தான் எடுப்பதில்லை.

ஒரு அம்மா மஞ்சப்பையோடு வந்தார். எழுபது வயது இருக்கும். பையில் நாலாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்த பட்டா, மாமனார் பெயரில். கிழிந்த இடத்தில் சோற்றுப் பருக்கையை வைத்து ஒட்டியிருந்தார், காய்ந்து கண்ணாடி மாதிரி இருந்தது. இழப்பீடு வேறொருவர் பெயரில் போயிருந்தது. அந்த ஆள் யார் என்றே அவருக்குத் தெரியவில்லை. “தம்பி, இன்னா எழுதிக்கிறாங்கன்னு படிச்சி மட்டும் சொல்லு, மத்தத நான் பாத்துக்கறேன்” என்றார். நிலம் அவர் அனுபவத்தில்தான் இருந்தது, அடங்கலில் அவர் வீட்டுப் பெயர் இருந்தது, நடுவில் ஒரு போலிப் பத்திரம் புகுந்திருந்தது.

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொகை குறைவு என்றால் நடுவரிடம் போகலாம். தொகை யாருக்கு என்ற தகராறு என்றால் அது நடுவர் வேலை கிடையாது. அதே நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஹெச்(4) பிரிவுப்படி நில எடுப்பு அலுவலர் அதைச் சிவில் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்த அம்மாவுக்கு நாங்கள் எழுதியது மூன்று மனு: பணத்தை வெளியே விடாதே என்று நில எடுப்பு அலுவலருக்கு, போலிப் பத்திரம் பற்றிப் போலீசுக்கு, இலவச வக்கீல் கேட்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு.

கிணற்றையும் மரங்களையும் லிஸ்டில் ஏற்ற வேண்டும் என்றால் பணம் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் எழுத மாட்டார்கள். என்ன செய்வது?

என் சித்தப்பாவுக்கு இதுதான் நடந்தது. அளக்க வந்தவர்களில் ஒருவர், கிணறும் தென்னையும் லிஸ்டில் வர வேண்டும் என்றால் “கொஞ்சம் கவனிக்கணும்” என்றார். சித்தப்பா கொடுத்தார். தென்னை பதினாலு இருந்தது, லிஸ்டில் பதினொன்று வந்தது. கிணறு வந்தது, அதில் இறக்கியிருந்த போர் வரவில்லை. கேட்கப் போனால் தானே லஞ்சம் கொடுத்தவன் என்று மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். வாயை மூடிக்கொண்டார். அந்த மூன்று தென்னையும் அவர் மகள் பிறந்த வருடம் வைத்தவை.

அப்போது எங்களுக்குத் தெரியாத ஒன்று: ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் செய்த திருத்தத்தின்படி, லஞ்சம் கொடுப்பதும் குற்றம்தான், ஆனால் வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் போலீசிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ சொல்லிவிட்டால் அவர் குற்றவாளி ஆக மாட்டார். கொடுப்பதற்கு முன்னாலேயே சொல்லி, அவர்கள் ரசாயனம் தடவித் தரும் நோட்டைக் கொடுத்தாலும் பாதுகாப்பு உண்டு.

அளக்க வரும் தேதிக்கு முந்தின நாளே செல்போனில் இடமும் தேதியும் விழும்படி படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் சுண்ணாம்பில் நம்பர் போட்டு, பக்கத்து நிலத்துக்காரர் நிற்க எடுத்தால் இன்னும் நல்லது. மின் இணைப்பு ரசீது போருக்குச் சாட்சி. விடுபட்டதை நடுவரிடம் கேட்கலாம், படம் இருந்தால் பேசும்.

இழப்பீட்டை வாங்கித் தருகிறேன், பத்துக்கு இரண்டு கமிஷன் என்று ஒருவர் சொல்கிறார்.

வேண்டாம். வெற்றுப் பத்திரத்திலும் காசோலையிலும் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

லஞ்சம் வாங்கினார் என்ற குற்றத்தையே நடுவர் விசாரித்துத் தண்டிக்கலாமா?

முடியாது. குற்றத்துக்குத் தண்டனை கொடுப்பது அரசின் வேலை, கோர்ட்டின் வேலை. அதைத் தனியார் நடுவர் கையில் கொடுக்கச் சட்டம் இடம் தராது.

ஆனால் ஒரு ஒப்பந்தத் தகராறில் மோசடி என்ற பேச்சு வந்தவுடனே ஆர்பிட்ரேஷன் நின்றுவிடாது. திருநெல்வேலியில் அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்திய ஓட்டல் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2016இல் இதைப் பிரித்துச் சொன்னது. கூட்டாளிகளுக்குள் கணக்கில் ஏமாற்றினார் என்ற அளவில் இருந்தால் நடுவரே பார்க்கலாம். ஒப்பந்தமே மோசடியில் பிறந்தது என்றாலோ, விஷயம் பொதுமக்களைத் தொடுகிறது என்றாலோ கோர்ட்தான் பார்க்க வேண்டும். 2020இல் வந்த வித்யா துரோலியா என்ற சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும், மூன்றாம் ஆட்களின் உரிமையைப் பாதிக்கும் விஷயம், அரசின் இறையாண்மை சார்ந்த வேலை போன்றவை ஆர்பிட்ரேஷனுக்குப் போகாது என்று வரிசைப்படுத்தியது.

நான் எல்லாரிடமும் சொல்வது இதுதான். இழப்பை நடுவரிடம் பேசலாம், குற்றத்தைப் பேசி முடிக்கக் கூடாது. “பணத்தை வாங்கிக்கிட்டு புகாரை வாபஸ் வாங்கு” என்று யாராவது சொன்னால், உங்கள் இழப்புக்கு உங்களிடம் விலை பேசலாம், ஆனால் உங்கள் ஊருக்கே நடந்த குற்றத்தை விற்க உங்களுக்கு உரிமை இல்லை.

ஆர்பிட்ரேஷன் ரகசியமாக நடக்குமாமே? அதில் ஊழலை மறைத்துவிட மாட்டார்களா?

மறைக்கலாம். பயப்பட வேண்டிய இடம் இதுதான். நம் சட்டத்திலும் 2019இல் 42ஏ பிரிவைச் சேர்த்து, நடவடிக்கைகளை ரகசியமாக வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்.

நைஜீரியாவில் நடந்ததைக் கேளுங்கள். 2010இல் அந்த நாட்டு அரசு ஒரு சிறிய வெளிநாட்டுக் கம்பெனியோடு எரிவாயு ஆலை ஒப்பந்தம் போட்டது. ஆலை கட்டவே இல்லை. அரசு ஒப்பந்தத்தை மீறிவிட்டது என்று கம்பெனி லண்டனில் ஆர்பிட்ரேஷன் போனது. 2017இல் 660 கோடி டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பு. வட்டியோடு சேர்ந்து அது 1,100 கோடி டாலரானது. அவ்வளவும் அந்த நாட்டு ஜனங்களின் பணம். கடைசியில் 2023 அக்டோபரில் லண்டன் கோர்ட் அந்தத் தீர்ப்பைத் தூக்கிப் போட்டது. ஒப்பந்தம் வரும்போதே அமைச்சக அதிகாரிக்கு லஞ்சம் போயிருந்தது, வழக்கு நடக்கும்போது நைஜீரிய அரசின் ரகசியச் சட்ட ஆவணங்களே கம்பெனி கையில் இருந்தது. கதவு மூடி நடந்ததால் பத்திரிகையோ மக்களோ பார்க்க வழி இல்லாமல் போனதைப் பற்றியும் அந்த நீதிபதி கவலையோடு எழுதினார்.

நம் சட்டத்தில் இதற்குத் தடுப்பு இருக்கிறது. மோசடியாலோ ஊழலாலோ வந்த நடுவர் தீர்ப்பு பொதுக் கொள்கைக்கு விரோதம் என்று 34ஆம் பிரிவு சொல்கிறது. 2021இல் செய்த திருத்தத்தின்படி, ஒப்பந்தமோ தீர்ப்போ ஊழலால் வந்தது என்று மேலோட்டமாகத் தெரிந்தாலே கோர்ட் நிபந்தனையில்லாமல் தீர்ப்பை நிறுத்தி வைக்க வேண்டும். ஆனால் இதைக் கேட்க வேண்டியவர் ஒப்பந்தத்தில் இருக்கும் தரப்பு, அதாவது அரசு. அரசு கேட்காவிட்டால்? அப்போதுதான் ஊர் பேச வேண்டும், ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டும். உங்கள் ஊர் வேலை பற்றி ஆர்பிட்ரேஷன் நடக்கிறதா, அரசு எவ்வளவு கட்டியது என்று தகவல் உரிமையில் கேளுங்கள். கொடுக்கப்படுவது பொதுப்பணம்.

பாலாற்றுத் தோல் கழிவு விஷயத்தில் இழப்பீடு கொடுத்தார்களே, அது ஆர்பிட்ரேஷனா?

அது ஆர்பிட்ரேஷன் கிடையாது. ஆனால் நம் ஊரைப் பற்றிய கேள்வி என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் கிணற்றுத் தண்ணீரை மொண்டு பார்த்தவர்களுக்குத் தெரியும். வாளியில் ஊற்றி வைத்தால் ஓரத்தில் உப்பு பூக்கும். தென்னை ஓலை நுனியிலிருந்து கருகும். வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியோ முழுதோ கெட்டுப்போனது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கணக்கெடுத்திருந்தது அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையம் கட்டுங்கள் என்று அரசும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பத்து வருடமாகச் சொல்லியும் பெரும்பாலான தொழிற்சாலைகள் கட்டவில்லை என்பதும் இருக்கிறது. கெடுத்தவரே காசு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்திய நாட்டுச் சட்டம்தான் என்று நம் ஊர் வழக்கில்தான் உறுதியானது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். லஞ்சம் என்ற வார்த்தையை அந்தத் தீர்ப்பு பேசவில்லை. ஆனால் கண்காணிக்க வேண்டியவர் கண்ணை மூடினால் ஊருக்கு என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி நம்மிடம் இல்லை.

அந்தத் தீர்ப்பின்படி, ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையில் இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் வந்தது. ஒவ்வொரு விவசாயியும் தனித்தனியாக வழக்குப் போட வேண்டியதில்லை. ஒப்பந்தம் கேட்கவில்லை. ஆணையமே ஊருக்கு வந்து கணக்கெடுத்தது. 2001 மார்ச் 7 அன்று சுமார் 29,000 பேருக்கு 26.82 கோடி ரூபாய் என்று உத்தரவு போட்டது. பாதிக்கப்பட்ட ஊருக்கு எந்த மாதிரி நடுவர் வேண்டும் என்று என்னைக் கேட்டால், இந்த மாதிரி என்றுதான் சொல்லுவேன்.

ஆனால் வகுத்துப் பாருங்கள். ஆளுக்குச் சராசரியாக ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய். நிலத்தையும் தண்ணீரையும் இழந்ததற்கு. அதுவும் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று சுப்ரீம் கோர்ட் மறுபடியும் தலையிட வேண்டி வந்தது. 2001இலும் பிறகு 2009இலும் வந்த இழப்பீட்டு உத்தரவுகளின்படி இன்னும் கொடுக்காத தொகையை ஆறு வாரத்தில் அரசு கொடுக்க வேண்டும், பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றது. மேற்பார்வைக்கு ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையில் ஒரு குழு அமைக்கவும், கெட்டது சரியாகும் வரை பொறுப்பு தொடரும் என்றும் சொன்னது. முதல் உத்தரவுக்கும் இதற்கும் நடுவில் 24 வருடம்.

ஷூ கம்பெனியில் வேலை செய்கிறோம். தொழிலாளர்கள் ஆர்பிட்ரேஷன் போன உதாரணம் உண்டா?

உண்டு. இதை ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்துச் சங்கத்துக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். அனுமதியில்லாமல் மாடி ஏற்றிய கட்டடம். அதற்குப் பிறகு வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டார்கள். அதில் ஆர்பிட்ரேஷன் ஷரத்தைச் சங்கங்கள் வற்புறுத்திச் சேர்த்தன. 2016இல் இரண்டு கம்பெனிகள் மீது நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஆர்பிட்ரேஷன் வழக்குப் போட்டன. இரண்டும் சமரசத்தில் முடிந்தன. ஒரு கம்பெனி மட்டும் 23 லட்சம் டாலர் கொடுத்தது, அதில் பெரும்பகுதி தொழிற்சாலைகளைச் சரிசெய்ய.

அங்கே தொழிலாளி தனியாக நிற்கவில்லை. சங்கம் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகக் கையெழுத்துப் போட்டிருந்தது. நம் பக்கமும் வெளிநாட்டு பிராண்டுக்குத்தான் ஷூ போகிறது. ஒப்பந்தம் பேசும் நேரத்திலேயே, பிரச்சினை வருவதற்கு முன்னாலேயே, இந்த ஷரத்தைக் கேட்க வேண்டும். தொழிலாளிக்கும் ஊருக்கும் பொருந்தும்படி விசாரணையை எப்படி நடத்தலாம் என்று 2019 டிசம்பரில் ஹேகில் தனி விதிகளே வெளியிட்டிருக்கிறார்கள். அதற்கும் கம்பெனியின் சம்மதம் வேண்டும்.

லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) இதைவிடச் சுலபமா?

பல விஷயத்துக்குச் சுலபம்தான். கோர்ட் ஃபீஸ் கிடையாது. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் அன்றைக்கே முடியும், மேல்முறையீடு இல்லை. அதனால் கையெழுத்துப் போடும் முன் இரண்டு தரம் யோசியுங்கள். அப்புறம், நிரந்தர லோக் அதாலத் என்று ஒன்று உண்டு. குடிநீர், மின்சாரம், துப்புரவு, மருத்துவமனை, போக்குவரத்து, இன்சூரன்ஸ் போன்ற பொதுச்சேவைத் தகராறுகளை, 1 கோடி ரூபாய் மதிப்பு வரைக்கும் அது எடுக்கலாம். முதலில் சமரசம் பேசும். எதிர்த்தரப்பு ஒத்துவராவிட்டால் தானே தீர்ப்பும் சொல்லும். முன்கூட்டிய ஒப்பந்தம் தேவையில்லை. குழாயில் தண்ணீர் வராததற்குக் காசு கட்டிக்கொண்டிருக்கும் தெருவுக்கு நான் முதலில் சொல்லும் வழி இதுதான்.

ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கலாம் என்கிறார்கள்.

2023ஆம் வருட மத்தியஸ்தச் சட்டம் சமூக மத்தியஸ்தத்துக்கு இடம் கொடுக்கிறது. ஊர் அமைதி கெடும் தகராறுகளுக்கு, எல்லாத் தரப்பும் சம்மதித்தால், மூன்று மத்தியஸ்தர்கள் கொண்ட குழு பேசித் தீர்க்கலாம். அதில் வரும் உடன்பாட்டைக் கோர்ட் டிகிரி மாதிரி அமல்படுத்த முடியாது. சரி, வாய்க்கால் வரப்புக்கு அது போதும். ஆனால் லஞ்சம் வாங்கியவரும், அவரைத் தெரிந்தவரும், அவரிடம் வேலை ஆக வேண்டியவரும் ஆலமரத்தடியில் உட்கார்ந்து கையெழுத்து கேட்டால் அது கட்டப் பஞ்சாயத்து. எழுந்து வந்துவிடுங்கள்.

ஊழலால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு என்று சட்டத்தில் தனியாக எதுவும் இல்லையா?

ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கை 35ஆவது பிரிவில், ஊழலால் நஷ்டமடைந்தவர் அதற்குப் பொறுப்பானவர் மீது இழப்பீட்டு வழக்குப் போடும் உரிமையை நாடுகள் உறுதிசெய்ய வேண்டும் என்று இருக்கிறது. இந்தியா 2011இல் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் நம் ஊழல் தடுப்புச் சட்டம் வாங்கியவரைத் தண்டிக்கிறதே தவிர, இழந்தவரைத் தேடி வருவதில்லை. தண்டனை கொடுக்கும் கோர்ட் அபராதத்திலிருந்து இழப்பீடு தரச் சொல்லலாம், அதையும் யாராவது கேட்க வேண்டும். பாலாற்றுக்கு வந்த மாதிரி ஓர் ஆணையம் ஊழலால் கெட்ட ஊர்களுக்கும் வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

செலவுக்கு எங்கே போவது?

சத்துவாச்சாரியில் இருக்கும் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும், வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கும் வக்கீல் இலவசம். பெண்களுக்கு வருமானம் பார்ப்பதில்லை. போனில் கேட்க 15100.

பாலாற்று இழப்பீட்டு உத்தரவு எங்கள் நைனா பெயரில் வந்தது. அவர் இறந்துவிட்டார். இனி கேட்க முடியுமா?

கேட்கலாம். தொகை வாரிசுகளுக்குச் சேரும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உத்தரவின் நகல், உங்கள் ஆதார், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம். உத்தரவு காணாமல் போயிருந்தால் ஊர் பெயரும் சர்வே எண்ணும் போட்டுக் கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் பதிவு எண்ணோடு ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அதை வாங்காமல் வராதீர்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் வாணியம்பாடிப் பக்கத்துக்காரர். அவருடைய நைனா கணக்கெடுக்க வந்தவர்களைக் கிணற்றுக்குக் கூட்டிப் போய், ஒரு பாட்டிலில் தண்ணீர் மொண்டு காட்டினாராம். அந்த பாட்டில் இன்னும் வீட்டுப் பரணில் இருக்கிறதாம். போன வாரம் தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்திருக்கிறார். வந்ததும் மனுவை நான் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.